கீழடி அறிக்கை: திருத்தச் சொல்பவருக்கும் பொறுப்பு உண்டு

திருக்கடையூர் வட்டாரத்தில் கல்வெட்டும் ஊர் வரலாறும் படித்துவரும் எங்கள் குழுவின் நிலைப்பாட்டை, கீழடி அறிக்கை தொடர்பாக இங்கே பதிவு செய்கிறோம்.

கீழடியில் முதல் இரண்டு கட்ட அகழாய்வை நடத்திய அமர்நாத் ராமகிருஷ்ணா, 982 பக்க அறிக்கையை 2023 ஜனவரியில் இந்தியத் தொல்லியல் துறையிடம் அளித்தார். இரண்டு ஆண்டுகள் கடந்து, 2025 மே மாதத்தில், இரு வல்லுநர்களின் கருத்தைச் சுட்டித் திருத்தித் தருமாறு துறை கடிதம் எழுதியது. காலப்பகுப்பின் பெயர்களை மாற்ற வேண்டும், முதல் காலகட்டத்துக்குத் தந்துள்ள கி.மு. 8 முதல் 5ஆம் நூற்றாண்டு வரை என்ற கணக்கு மிக முந்தையது, வரைபடங்கள் போதாது என்பவை அதன் சாரம். சான்றுகளின்படியே எழுதியிருப்பதாக அவர் பதில் அனுப்பினார்.

ஆய்வுரையை இன்னொருவர் படித்துக் கேள்வி கேட்பதை நாங்கள் முழு மனதோடு ஆதரிக்கிறோம். நாங்கள் படிக்கும் சோழர் கல்வெட்டு பலவற்றில் மன்னன் பெயரே இருக்காது; ‘கோப்பரகேசரி’ என்ற பட்டமும் ஆட்சியாண்டும் மட்டும் இருக்கும். அந்தப் பட்டம் ஒருவர் விட்டு ஒருவருக்கு வருவது. முதலாம் பராந்தகனும் பரகேசரி, உத்தம சோழனும் பரகேசரி. எழுத்தமைதி, உள்ளே வரும் அதிகாரிகளின் பெயர்கள் ஆகியவற்றைப் பார்த்துத்தான் யாரென்று சொல்ல வேண்டும். கல்வெட்டின் மைப்படியைப் படித்தவர் தாமே முடிவு கட்டினால் அரை நூற்றாண்டு பிசகிவிடும். இரண்டாவது கண் கட்டாயம் வேண்டும்.

ஆகவே வரைபடம் கேட்டது நியாயமே. எந்தக் குழி, எந்த ஆழம் என்று தெரியாமல் பிறர் சரிபார்க்க இயலாது. காலக்கணக்கு வேறு விஷயம். தமிழ்நாடு தொல்லியல் துறை கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரி கி.மு. 580ஐச் சேர்ந்தது என்ற கரிமப் பகுப்பாய்வு முடிவு 2019இலேயே வெளியாகிவிட்டது. அதற்கும் முந்தைய காலம் பொருந்தாது என்பவர், எந்த மண்ணடுக்கு கலைந்தது, எந்த மாதிரி நம்பத்தகாதது என்று எழுத்தில் காட்ட வேண்டும். ‘மிக முந்தையது’ என்பது அபிப்பிராயம். அதை வைத்து ஓர் ஆய்வாளரைத் திருத்தச் சொல்லக் கூடாது. அதேபோல, சான்றோடு வரும் கேள்வி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பதில் எழுதுவது ஆய்வாளரின் கடமை. மொத்தமாக மறுப்பதும் போதாது.

தாமதத்தைப் பற்றிப் பேச எங்களுக்குக் கூடுதல் உரிமை உண்டு. அருகிலுள்ள காவிரிப்பூம்பட்டினத்தில் 1963 முதல் 1973 வரை நடந்த அகழாய்வின் அறிக்கை 1994இல்தான் அச்சானது. அதில் வெளிப்பட்ட கீழையூர்ப் படகுத்துறையைத் தங்கள் வயலோரத்தில் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், அதன் முழு விவரத்தைப் படிப்பதற்குள் நடுவயதைத் தாண்டியிருந்தார்கள். ஆதிச்சநல்லூரில் 2004இல் தோண்டியதன் அறிக்கைக்கும் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

அறிக்கை கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் மதிப்பாய்வு முடிய வேண்டும் என்று கோருகிறோம். படித்துப் பார்ப்பவரின் பெயர் மறைவாக இருக்கலாம். அவர் எழுதியது மறைவாக இருக்கக் கூடாது. உடன்பாடு எட்டாத இடத்தில் இரு தரப்பு வாதமும் நூலிலேயே நிற்கட்டும்.

கீழடி அறிக்கையை அச்சிடும்போது வல்லுநர்களின் குறிப்புகளையும் ஆய்வாளரின் பதிலையும் பின்னிணைப்பாகச் சேர்த்து, தமிழிலும் வெளியிடுமாறு இந்தியத் தொல்லியல் துறையைக் கேட்டுக்கொள்கிறோம்.