கம்பி கட்டிய கை

மருத்துவப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் அவர்களுக்கு,

2018இல் பல் சீரமைப்புத் துறையில் எம்.டி.எஸ். சேர்ந்தவள் நான். 2020 மார்ச் 25 அன்று கொரோனா ஊரடங்கு தொடங்கியபோது, என் பெயரில் பதிவான 26 நோயாளிகள் வாயில் கம்பியோடு வீட்டுக்குள் அடைபட்டார்கள்.

மாதம் ஒருமுறை வரவேண்டியவர்கள். பேருந்து இல்லை, ஓ.பி.யும் இல்லை. அரியலூர்ப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி வாட்ஸ்அப்பில் அழைத்தாள். "அக்கா, கம்பி கன்னத்தைக் குத்துது." நகவெட்டியைக் கொதிநீரில் போட்டெடுக்கச் சொன்னேன், துண்டு தொண்டைக்குள் போய்விடாமல் பஞ்சை அடைக்கச் சொன்னேன். அவள் அம்மா நுனியை நறுக்கினார். நான் கைப்பேசித் திரையைப் பார்த்தபடி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

துறையை மூடியதில் எனக்குக் குறையில்லை. பல்லைக் குடையும் ஏர்ரோட்டர் சுழன்றால் எச்சில் திவலை நாற்காலியைச் சுற்றித் தெறிக்கும். நாங்களோ நோயாளியின் மூச்சுக்கு ஒரு சாண் தள்ளி நிற்பவர்கள். தொற்று மிகுந்த சிவப்பு மண்டலங்களில் அவசர சிகிச்சை மட்டும் என்று அந்த மே மாதம் சுகாதார அமைச்சகமும் சொன்னது. அதற்குப் பின் நடந்ததுதான் வருத்தம். காலையில் ஒரு வெபினார், மாலையில் ஒன்று, இரண்டுக்கும் சான்றிதழ். வருகைப் பதிவேடு நிறைந்தது, கை சும்மா கிடந்தது. பல்லை நகர்த்த ஒன்றரை, இரண்டு ஆண்டு பிடிக்கும். அது எங்கே சொன்னபடி கேட்கிறது, எங்கே ஏய்க்கிறது என்று கடைசிவரை கூட இருந்து பார்ப்பதுதான் எங்கள் படிப்பே. நான் கட்டிய கம்பிகளில் பாதியைக் கழற்றியவர்கள் என் ஜூனியர்கள். அரியலூர்ப் பிள்ளையுடையதும் அதில் சேர்த்தி.

எல்லாத் துறைக்கும் இந்தக் கதை பொருந்தாது. 2021இல் கரும்பூஞ்சை வந்தபோது வாய் முக அறுவை சிகிச்சைத் துறை நண்பர்களுக்குச் சாப்பிட நேரமில்லை. அவர்கள் களைத்தார்கள், நாங்கள் துருப்பிடித்தோம்.

இரவில் தூக்கம் போனது எல்லோருக்கும்தான். உதவித்தொகை நின்றிருந்தது, கட்டணப் பாக்கியை நினைவூட்டும் குறுஞ்செய்தி மட்டும் தவறாமல் வந்தது. மனநல ஆலோசனைக் குழு என்று ஒரு சுற்றறிக்கையும் வந்தது. திறந்து பார்த்தால் எங்கள் பேராசிரியர்களின் பெயர்களே! நல்லவர்கள்தாம். ஆனால் தீசிஸில் கையெழுத்துப் போடுபவரிடம், தேர்வில் எதிரே உட்காரப்போகிறவரிடம், "கருவியை எடுத்தால் கை நடுங்குகிறது சார்" என்று எந்த பி.ஜி. மாணவர் சொல்வார்? நான் சொல்லவில்லை.

ஐயா, கேட்பது இரண்டுதான். இனி எக்காரணத்தால் துறை மூடப்பட்டாலும், இழந்த நாற்காலி நாட்களை உதவித்தொகையோடு, கூடுதல் கட்டணமின்றித் திருப்பித் தர விதி செய்யுங்கள். லாக் புக்கில் காட்டவேண்டிய கேஸ் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டு அதைச் சலுகை என்று சொல்ல வேண்டாம். அடுத்து, எங்கள் கல்லூரிக்கும் தேர்வுக்கும் சம்பந்தமில்லாத ஒரு மனநல ஆலோசகரின் எண்ணை, சேரும் நாளிலேயே ஒவ்வொரு மாணவர் கையிலும் கொடுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் முதுநிலை மாணவி ஒருத்தி