ஜூன் 30-க்குப் பிறகும் தண்ணீர் வரட்டும்

ரோட்டரி இன்டர்நேஷனல் தலைவர் அவர்களுக்கு,

ஜூலை 1 அன்று தொடங்கும் உங்கள் பதவிக்காலம் அடுத்த ஜூன் 30-உடன் முடிந்துவிடும். ரோட்டரியின் இளைஞர் பிரிவான ரோட்டராக்ட் கிளப்களின் தலைவர்களும் பெரும்பாலும் அதே நாளில்தான் மாறுகிறார்கள். ஆகவே இந்த மடல் வந்து சேரும்போது அந்த நாற்காலியில் யார் இருக்கிறாரோ அவருக்கே எழுதியதாக எடுத்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வந்ததும் இந்த ஓராண்டுக் கணக்கைப் பற்றித்தான். பதவி ஆண்டுக்கு ஒருமுறை கைமாறட்டும். அதோடு சேர்த்துப் பணிகளையும் முடித்து மூடிவிடும் பழக்கம் போக வேண்டும்.

1968-இல் அமெரிக்காவின் சார்லட் நகரில் முதல் ரோட்டராக்ட் கிளப் தொடங்கியபோது அது ரோட்டரியின் நிழலில் நின்ற பிள்ளை. இன்று அப்படி இல்லை. 2019-இல் ரோட்டராக்டுக்கு அமைப்புக்குள் உறுப்பினர் தகுதி தந்தீர்கள். 2020 ஜூலையில் 30 வயது என்ற உச்சவரம்பை எடுத்தீர்கள். 2022-இல், ஆண்டுக்குக் கல்லூரி கிளப் உறுப்பினருக்கு 5 டாலரும் மற்றவர்களுக்கு 8 டாலரும் என்று சந்தா வைத்தீர்கள்; குளோபல் கிராண்ட் என்னும் நிதியுதவி கேட்கும் உரிமையையும் கொடுத்தீர்கள். எல்லாம் நல்ல மாற்றங்கள். காலண்டரில் மட்டும் யாரும் கைவைக்கவில்லை.

அதன் விளைவைப் பார்க்க ஓர் அரசுப் பள்ளித் தாழ்வாரம் போதும். கிளப் ஒன்று குடிநீர் சுத்திகரிப்பு எந்திரம் வாங்கித் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். ரிப்பன், பொன்னாடை, குழுப் படம், தலைவர் பெயரும் ஆண்டும் பொறித்த பலகை. எந்திரத்துக்கோ சில மாதங்களுக்கு ஒருமுறை ஃபில்டர் மாற்ற வேண்டும், சவ்வு அடைத்தால் பார்க்க வேண்டும். அதற்குள் ஜூலை வந்துவிடும். புதுத் தலைவருக்கு இன்ஸ்டலேஷன் விழா, புது பேனர், ‘நம்ம வருஷம்’ என்று சொல்லிக்கொள்ள ஒரு புது புராஜெக்ட். பழைய எந்திரத்துக்கு ஃபில்டர் வாங்கிக் கொடுத்ததைப் படமெடுத்துப் போட்டால் யார் பாராட்டப் போகிறார்கள்? குழாய் வறண்ட பிறகும் பலகை பளபளப்பாகத்தான் இருக்கும். இதில் இளைஞர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. கிளப்களுக்கு நீங்கள் தரும் ஆண்டு விருதே ஜூன் 30-க்குள் எட்டிய இலக்குகளைத்தான் கணக்கில் எடுக்கிறது. எதை எண்ணுகிறோமோ அதைத்தானே அவர்கள் செய்வார்கள்?

மாற்று வழியை வெளியில் தேட வேண்டியதில்லை. 1979-இல் பிலிப்பைன்ஸ் குழந்தைகளுக்குப் போலியோ மருந்து கொடுக்க ரோட்டரி முன்வந்தபோது ஐந்தாண்டுக்குப் பொறுப்பேற்றது. 1985-இல் போலியோபிளஸ் என்னும் ஒழிப்புத் திட்டம், 1988-இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்த கூட்டு முயற்சி. அந்த ஆண்டு 125-க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 3,50,000 பேரைத் தாக்கிய நோய் இது. இந்தியாவில் இயற்கையான போலியோ வைரஸ் தாக்கிய கடைசி நோயாளி மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் 2011 ஜனவரியில் பதிவானார். 1979-இலிருந்து அதுவரை முப்பதுக்கும் மேற்பட்ட தலைவர்கள் வந்து போனார்கள். ஒவ்வொருவரும் முந்தையவரின் வேலையை ஓரங்கட்டிவிட்டுத் தன் பெயரில் ஒன்றைத் தொடங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

போலியோவுக்குப் பெரும் பணமும் அரசுகளும் உலக நிறுவனங்களும் துணை நின்றன, கல்லூரிப் பிள்ளைகளிடம் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் நான் கேட்பது பணம் அல்ல, ஒரு கைமாற்றுப் பதிவேடு. சென்ற மூன்றாண்டுகளில் என்ன செய்தோம், இப்போது அது எந்த நிலையில் இருக்கிறது, யாரைக் கூப்பிட வேண்டும் என்ற மூன்று விவரங்கள் அதில் இருந்தால் போதும். கூடவே விருதின் கணக்கை மாற்றுங்கள். புதிய பணிக்குத் தரும் மதிப்பெண்ணில் ஒரு பங்கு, மூன்றாண்டுக்கு முந்தைய பணி இன்றும் நடக்கிறதா என்பதற்குப் போகட்டும்.

ஆண்டுதோறும் தலைமை மாறுவதால்தான் பலருக்கும் வாய்ப்புக் கிடைக்கிறது என்பது இன்னொரு வாதம். அது இதைவிட வலுவானது. ஒரே ஆள் ஐந்தாண்டு உட்கார்ந்தால் கிளப் அவர் வீட்டு விசேஷம் போல ஆகிவிடும் என்பது நமக்குத் தெரியாததல்ல. அதனால்தான் பதவிக்காலத்தை நீட்டச் சொல்லவில்லை. ஆனால் புதிதாகத் தொடங்குவது மட்டுமா தலைமைப் பயிற்சி? வேறொருவர் தொடங்கியதை, தன் பெயர் வராது என்று தெரிந்தே, ஓட வைப்பது அதைவிடக் கடினமான பாடம். மூன்றாண்டில் படிப்பை முடித்துப் போகும் மாணவர்களால் அதை எப்படிச் சுமக்க முடியும் என்றால், வயது வரம்பை எடுத்ததே அதற்குப் பதில். படிப்பு முடிந்தும் ரோட்டராக்டில் தொடர்பவர்களில் ஒருவர் பதவி எதுவும் இல்லாமல் அந்தப் பதிவேட்டை மட்டும் வைத்திருக்கலாம்.

கிளப்கள் தன்னுரிமை உள்ளவை, மேலிருந்து உத்தரவிட முடியாது என்றும் சொல்லக்கூடும். உத்தரவு எதற்கு? விருதின் விதியில் ஒரு வரி மாறினாலே போதும், அடுத்த ஜூலையில் பொறுப்பேற்பவர் முதல் வாரத்திலேயே அந்தப் பள்ளிக்குப் போய்க் குழாயைத் திறந்து பார்ப்பார்.

இப்படிக்கு,
ரோட்டராக்டின் நலம் நாடும் ஒருவர்