பில் வேணுமா, சார்?

மருந்துக் கடையில் மாத்திரையை உறையில் போட்டுத் தரும் பையன் சில நேரம் கேட்பான்: “பில் வேணுமா, சார்?” கேட்கும் தொனியிலேயே பதிலும் இருக்கும். பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள். கம்ப்யூட்டரில் தட்டி, பேட்ச் எண் பார்த்து, அச்சடித்துக் கிழித்துத் தர அரை நிமிடமாவது ஆகும். “பரவாயில்லப்பா” என்று சொல்லிவிட்டு நானும் எத்தனையோ முறை வந்திருக்கிறேன். ஜவுளிக் கடையில் பில் இல்லாமல் ஒரு சட்டைகூட வாங்க மாட்டேன். சாயம் போனால் மாற்ற வேண்டுமே. உடம்புக்குள் போகிற சரக்குக்கு மட்டும் அந்த ஜாக்கிரதை எனக்கு வந்ததில்லை.

2025 அக்டோபரில்தான் அந்தப் ‘பரவாயில்லப்பா’ உறைக்க ஆரம்பித்தது.

மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டம், பராசியா வட்டாரம். சளி, இருமல், காய்ச்சல் என்று வந்த சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு ஒரு சிரப் எழுதித் தரப்பட்டது. காய்ச்சல் விட்டதோ இல்லையோ, சிறுநீர் நின்றுவிட்டது. சிறுநீரகம் செயலிழந்து இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். பெரும்பாலோர் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள். அந்த ‘கோல்ட்ரிஃப்’ சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில். தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மாதிரி எடுத்துச் சோதித்தபோது, அதில் டை எத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம். கலப்படம் என்று சொல்லவே நா கூசுகிறது; ஏறக்குறையப் பாதிப் புட்டி விஷம்.

விஷம் உள்ளே வந்த வழியைப் பார்ப்போம். பாரசிட்டமால் தண்ணீரில் எளிதில் கரையாது. சிரப்பில் அதைக் கரைத்து நிறுத்த புரொப்பிலீன் கிளைக்கால் போன்ற ஒரு கரைப்பான் வேண்டும். இதில் மருந்துத் தரம் என்று ஒன்று உண்டு; பெயின்ட், ரெசின் தயாரிப்புக்குப் போகும் தொழிற்சாலைத் தரம் என்று இன்னொன்றும் உண்டு. இரண்டும் நிறமற்றவை, பிசுபிசுப்பானவை, கேனில் பார்த்தால் ஒன்றுபோலவே இருப்பவை. விலைதான் வேறு. பிரேக் ஆயிலிலும் பிசின்களிலும் சேர்க்கப்படும் டை எத்திலீன் கிளைக்காலும் அதே சாயலில், லேசான இனிப்போடு இருக்கும். முகர்ந்தோ நாவில் வைத்தோ வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. சுங்குவார்சத்திரம் ஆலையில் பயன்படுத்தியது மருந்துத் தரமற்ற கரைப்பான் என்றும், அது முறையான பில் இல்லாமல் வாங்கப்பட்டது என்றும் அரசின் ஆய்வில் தெரியவந்தது. ஆலையில் கண்டறியப்பட்ட விதிமீறல்கள் முந்நூற்றைத் தாண்டின.

பில் இல்லாமல் ஒரு கேன் உள்ளே வந்திருக்கிறது. அதைப் படித்த பிறகு, கடைப் பையனிடம் நான் சொல்லும் ‘பரவாயில்லப்பா’வுக்கும் ஆலை வாசலில் அந்தக் கேனை இறக்கியபோது யாரோ சொல்லியிருக்கக்கூடிய ‘பரவாயில்லப்பா’வுக்கும் எவ்வளவு தூரம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அளவில் வேறுபாடு உண்டு. குற்றத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. பழக்கம் மட்டும் ஒன்றுதான்.

டை எத்திலீன் கிளைக்கால் என்ற இந்த விஷம் புதியதும் இல்லை. 1937இல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைடு என்ற மருந்தை இதே திரவத்தில் கரைத்து விற்றதில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்; அந்நாட்டின் 1938ஆம் ஆண்டு மருந்துச் சட்டம் அந்தச் சாவுகளின் மேல்தான் எழுதப்பட்டது. 1972இல் நம் சென்னையிலேயே குழந்தைகள் இறந்தார்கள். 1986இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் சிகிச்சைக்குக் கொடுத்த கிளிசரினில் இது கலந்து 14 பேர் இறந்தார்கள். நீதிபதி லெண்டின் ஆணையம் விசாரித்து, மருந்துக் கொள்முதல் எப்படி நடக்கிறது என்று நாட்டுக்கே படம்பிடித்துக் காட்டியது. 1998இல் குருகிராம், 2020இல் ஜம்முவின் ராம்நகர். 2022இல் காம்பியாவிலும் உஸ்பெகிஸ்தானிலும் குழந்தைகள் இறந்தபோது, சந்தேகத்துக்குள்ளான சிரப்புகளில் இந்திய முகவரி இருந்தது.

என்னை அதிகம் உறுத்துவது 2006இல் பனாமாவில் நடந்தது. அங்கே இருமல் மருந்தைத் தயாரித்தது லாபவெறி பிடித்த தனியார் யாருமில்லை. அரசின் சமூகப் பாதுகாப்பு அமைப்பின் ஆய்வகம். கிளிசரின் என்று எழுதிய பீப்பாய்கள் சீனாவில் புறப்பட்டன. பெய்ஜிங் வணிக நிறுவனம் ஒன்று, பார்சிலோனாவில் ஒன்று, பனாமாவில் ஒன்று எனக் கை மாறின. தரச் சான்றிதழும் கூடவே பயணம் போனது. ஒவ்வொரு கையிலும் அந்தத் தாள் மறுபடி எழுதப்பட்டது. முதலில் தயாரித்தவர் யார் என்ற விவரம் வழியிலேயே அழிந்தது. மூன்று கண்டங்களைக் கடந்த பீப்பாயை வழியில் ஒருவரும் திறந்து சோதிக்கவில்லை. ‘முன்னவர் பார்த்திருப்பார்’ என்பதே எல்லோருடைய நம்பிக்கையும். நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

மருந்து வணிகத்தில் சங்கிலி என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்தத் தாள்களின் சங்கிலிதான். மூலப்பொருள் விற்பவர் தரும் தாளை உற்பத்தியாளர் நம்புகிறார். உற்பத்தியாளரின் லேபிளை மொத்த வியாபாரி நம்புகிறார். அவரைக் கடைக்காரர், கடைக்காரரை நாம். நம்பிக்கை இல்லாமல் எந்த வணிகமும் நடக்காது. ஆனால் இங்கே நம்பிக்கை என்ற பெயரில் கைமாறுவது பொறுப்பு. நம் மருந்து விதிகள், சிரப்பில் சேரும் மூலப்பொருளை ஒவ்வொரு முறையும் உற்பத்தியாளரே சோதிக்க வேண்டும் என்று கேட்கின்றன. டை எத்திலீன் கிளைக்கால் இருக்கிறதா என்று பார்க்க மெல்லடுக்குச் சோதனை உண்டு. சில மணி நேர வேலை, பெரிய செலவும் இல்லை. அந்தச் சில மணி நேரம் செலவழிக்கப்படாததன் விலையைத்தான் சிந்த்வாராவில் பார்த்தோம்.

செய்யத் தெரியாத நாடா இது? நம் ஊரிலேயே பதில் இருக்கிறது. 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கு வாங்கும் மருந்தை மாவட்டக் கிடங்கில் இறக்கியதும் நேராக வார்டுக்கு அனுப்புவதில்லை. பேட்ச் வாரியாக மாதிரி எடுத்து, கம்பெனியின் பெயரை மறைத்து, ரகசியக் குறியீடு போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். முடிவு நல்லபடியாக வந்தால்தான் பெட்டி நகரும். சோதிப்பவருக்கு இது யாருடைய மருந்து என்று தெரியாது. தெரியாததால் தாட்சண்யமும் இல்லை. கேரளமும் ராஜஸ்தானும் இந்த மாதிரியைப் பார்த்துத் தங்கள் கழகங்களை அமைத்துக்கொண்டன. குறைகள் அதிலும் உண்டு. சில மருந்துகள் கையிருப்பில் இல்லை என்ற புலம்பல் அவ்வப்போது கேட்கும். இருந்தாலும் ‘தாளை நம்பாதே, பொருளைப் பார்’ என்ற ஒழுங்கை ஓர் அரசு நிறுவனம் முப்பது ஆண்டுகளாக நடத்திக் காட்டுகிறது. தர்ம ஆஸ்பத்திரி மருந்து மட்டம், காசு கொடுத்து வாங்குவது உசத்தி என்று பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

தனியார் சந்தையில் இப்படி ஒரு வாசற்படி இல்லை. இதைவிடக் கசப்பான விஷயம், வெளிநாட்டுக்குப் போகும் சரக்குக்கு அது உண்டு என்பது. காம்பியா விவகாரத்துக்குப் பிறகு, 2023 ஜூன் 1 முதல் ஏற்றுமதியாகும் இருமல் சிரப்புக்கு அரசு ஆய்வகச் சான்று கட்டாயமாக்கப்பட்டது. நல்ல முடிவு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் சுங்குவார்சத்திரத்திலிருந்து பராசியாவுக்குப் போன புட்டி எல்லை தாண்டவில்லை. அயல்நாட்டுப் பிள்ளைக்குத் திறந்து பார்த்த மூடியை நம் பிள்ளைக்கும் திறந்து பார்த்திருக்க வேண்டாமா? உள்நாட்டில் விற்கும் குழந்தைகள் சிரப்புக்கும், பேட்ச் வெளியேறும் முன் இந்த ஒரு சோதனையாவது நடந்தே தீர வேண்டும். மற்றதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். இதில் இருக்கக் கூடாது.

சிறு உற்பத்தியாளர்களின் தரப்பையும் கேட்க வேண்டும். ஏழைக்கு எட்டும் விலையில் மருந்து கிடைப்பதில் அவர்களுக்கும் பெரும் பங்கு உண்டு. மருந்து ஆலைகளுக்கான, திருத்தப்பட்ட ‘ஷெட்யூல் எம்’ தர விதிகள் 2023 டிசம்பர் இறுதியில் அறிவிக்கப்பட்டபோது, கட்டடம், காற்றுச் சுத்திகரிப்பு, கருவி என்று கோடிக்கணக்கில் செலவு வரும் என்று அவர்கள் பதறியதில் நியாயம் இல்லாமலில்லை. 250 கோடி ரூபாய்க்குக் குறைவாக விற்பனை உள்ள நிறுவனங்களுக்கு 2025 டிசம்பர் 31 வரை அவகாசம் நீட்டிக்கப்பட்டது. அந்த நீட்டித்த காலத்துக்குள்தான் சிந்த்வாரா நடந்தது. சிறு தொழில் என்பதற்காக அவகாசம் தரலாம். சோதனையிலிருந்து விலக்கு தர முடியாது. அவர்களால் தனியே வாங்க முடியாத கருவியைச் சேர்ந்து வாங்க வழி செய்வதுதான் அரசின் வேலை. ஆலத்தூர் மருந்துத் தொழிற்பேட்டை மாதிரி ஓரிடத்தில் பல ஆலைகள் இருக்கும்போது, ஒரு பொதுச் சோதனைக்கூடம் வைத்து நியாயமான கட்டணம் வாங்கலாம். சங்கங்களும் அதற்குப் பணம் போட வேண்டும். ஓர் ஆலை செய்கிற தவறால் எல்லோருடைய பெயரும் கெடுகிறது என்று மேடையில் வருத்தப்படுவதைவிட அது உருப்படியான காரியம்.

கண்காணிப்பவர்கள் கதை தனி. அக்டோபர் 1ஆம் தேதி தகவல் வந்ததும் பூஜை விடுமுறையிலும் ஆலைக்குப் போய், ஒரே நாளில் முடிவு சொன்னது தமிழகத் துறை. பாராட்டத்தான் வேண்டும். பாராட்டும்போதே ஒரு கேள்வி தொண்டையில் நிற்கிறது: இந்த ஆய்வில் முந்நூறுக்கும் மேல் கண்ணில் பட்ட விதிமீறல்கள் அதற்கு முந்தைய ஆண்டுகளில் ஏன் படவில்லை? ஆலை உரிமம் பெற்றது 2011இல். இரண்டு மூத்த ஆய்வாளர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள், உரிமம் ரத்தானது, உரிமையாளர் கைதானார். உரிமம் தருவது மாநிலம், கண்காணிப்பில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும் பங்கு என்பதால் யார் பார்த்திருக்க வேண்டும் என்ற சண்டையும் கூடவே நடந்தது. 2003இல் மருந்துக் கட்டுப்பாட்டை ஆராய்ந்த மஷேல்கர் குழு, 50 உற்பத்தி ஆலைகளுக்கு ஓர் ஆய்வாளர், 200 கடைகளுக்கு ஓர் ஆய்வாளர் வேண்டும் என்றது. அந்தக் கணக்கை எட்டாமல் இடைநீக்கம் மட்டும் செய்தால், அடுத்த கேனை யார் பார்ப்பார்கள்?

மொத்த விற்பனையும் கடையும் இந்தப் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது. உயிருக்கு ஆபத்தான பேட்ச் என்று தெரிந்தால் 24 மணி நேரத்துக்குள் விற்பனையை நிறுத்தி, 72 மணி நேரத்துக்குள் சரக்கைத் திரும்பப் பெற வேண்டும் என்பது மத்திய அமைப்பின் வழிகாட்டுதல். பில்லில் பேட்ச் எண் இருந்தால் இது நடக்கும். இல்லையென்றால் சிந்த்வாராவில் ஆனதுபோல, வீடு வீடாகப் போய்ப் புட்டியைத் தேட வேண்டும். சில கடைகளில் இன்சுலினை உள்ளே வைத்துவிட்டு, மின்சாரச் செலவுக்கு அஞ்சி இரவில் ஃபிரிட்ஜை அணைத்துவிட்டுப் போகிறார்கள் என்று கேள்விப்படும்போதும் இதே எரிச்சல்தான். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து சித்திரை வெயிலில் வெந்து கிடந்தாலும், லேபிளில் காலாவதி தேதி மாறாமல் அப்படியே இருக்கும்.

மருத்துவர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பராசியாவில் கொடுக்கப்பட்ட அந்தச் சேர்க்கையில் பாரசிட்டமாலோடு குளோர்பெனிரமின், ஃபினைலெஃப்ரின் என்ற இரண்டும் இருந்தன. இந்த இரண்டும் சேர்ந்த மருந்தை நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் எச்சரிக்கை போடும்படி 2023 டிசம்பரிலேயே மத்தியக் கட்டுப்பாட்டு அமைப்பு சொல்லியிருந்தது. பெரும்பாலான சளி இருமல் தானாகவே சரியாகும். ஆனால் மருந்து எழுதாமல் அனுப்பும் டாக்டரை நாம் கைராசி இல்லாதவர் என்கிறோம். அவரும் ஒரு சிரப்பை எழுதி நம் மனதைத் தேற்றுகிறார். போன தடவை கொடுத்த மிச்சம் அலமாரியில் இருந்தால் அண்ணனுக்கு வாங்கியதைத் தம்பிக்கு ஊற்றுகிறோம். தேவையில்லாத புட்டி வீட்டுக்குள் வராமலிருந்தால், பாதி ஆபத்து வாசலிலேயே நின்றிருக்கும்.

2023 ஆகஸ்ட் முதல், அதிகம் விற்கும் 300 மருந்து பிராண்டுகளின் அட்டையில் க்யூஆர் கட்டம் இருக்க வேண்டும். செல்போனில் காட்டினால் தயாரித்தவர், உரிமம், பேட்ச் எல்லாம் தெரியும். கட்டாயம் அந்த 300க்குத்தான். தெருமுனைக் கடையில் கிடைக்கும் பேர் தெரியாத சிரப்புக்கு இருப்பது ஒரு பேட்ச் எண்ணும், நாம் கேட்டால் கிடைக்கும் பில்லும்தான்.

ஆகவே அடுத்த முறை கடைப் பையன் கேட்டால், பின்னால் நிற்பவர்கள் முணுமுணுத்தாலும் சரி, “போடுப்பா” என்று சொல்லுங்கள். அதில் பேட்ச் எண் இருக்கிறதா என்று பாருங்கள். மருந்து தீரும்வரை அந்தத் தாளை மடித்து, மருந்து டப்பாவுக்குள்ளேயே வைத்திருங்கள்.