பழி வரும் என்று தெரிந்தும்

இடம்பெயர்ந்த மக்களிடையே பொதுப்பணிக்கு ஆள் கிடைப்பது அரிது. காரணம் நாம் எல்லோரும் அறிந்ததே. நிவாரணப் பட்டியலில் ஒரு பெயர் விடுபட்டால் சங்கச் செயலாளர் மீது பழி. பகிர்ந்து கொடுத்த விதைவெங்காயம் அழுகிப்போனால் அவர் மீதே பழி. பவுசர் தண்ணீர் எந்த ஒழுங்கைக்கு முதலில் போனது என்பதிலும் அவருக்கே ஏச்சு. அவரும் எம்மைப் போல வீடு, காணி, கிணறு எல்லாவற்றையும் விட்டு வந்தவர் என்பது அந்த நேரத்தில் எவருக்கும் நினைவில் வருவதில்லை.

முறுமுறுக்காமல் பழியை ஏற்பதே கிறிஸ்தவத் தலைமைத்துவத்தின் அடையாளம் என்று பிரசங்கங்களில் கேட்கிறோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதன் விலை என்ன என்பதைத் தீவக மக்கள் கண்ணால் கண்டிருக்கிறார்கள்.

2006ஆம் ஆண்டு அல்லைப்பிட்டிப் பங்குத்தந்தையாக இருந்தவர் அருட்தந்தை ஜிம் பிறவுண் அடிகளார். அவ்வாண்டு மே 13இல் அங்கே பொதுமக்கள் வீடுகளில் வைத்துச் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தனர். அப்படிப்பட்ட ஊருக்குத்தான் அவர் வந்தார். ஆகஸ்டில் சண்டை மூண்டது. 13ஆம் திகதி, மக்கள் தஞ்சம் புகுந்திருந்த புனித பிலிப்பு நேரியார் ஆலயத்தின் மீது எறிகணைகள் விழுந்தன, பலர் இறந்தனர். அடிகளார் காயப்பட்டவர்களை வெளியே கொண்டுசெல்ல முயன்றார். மக்கள் வெளியேற வழிவிடும்படி மன்றாடினார். எஞ்சியோர் ஊர்காவற்றுறை புனித மரியாள் ஆலயத்தை அடைய முன்னின்றார். புலிகளுக்குப் பதுங்குகுழி வெட்ட உதவியவர் என்று கடற்படை அதிகாரி ஒருவர் அவரைக் குற்றஞ்சாட்டி அச்சுறுத்தியதாக மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்துள்ளன. அந்தப் பழியோடு அவர் ஊர்காவற்றுறையில் பாதுகாப்பாக இருந்திருக்கலாம். எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் 20ஆம் திகதி, பங்கைச் சேர்ந்த ஒருவருடன் மோட்டார் சைக்கிளில் மீண்டும் அல்லைப்பிட்டிக்குப் போனார். இருவரும் திரும்பவில்லை. அவர்களைத் தாம் பிடித்து வைக்கவில்லை என்று கடற்படை கூறியது. இன்றுவரை பதில் இல்லை.

முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரும் இப்படி ஒருவர் இருந்தார். 1687இல் பிச்சைக்காரர் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்த புனித யோசேப் வாஸ் அடிகளார், பின்னர் கண்டியில் போர்த்துக்கேய ஒற்றர் என்று சிறையிடப்பட்டார். அவர் அங்கே சிங்களம் கற்றார்.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தன்மீது விழும் பழியைப் பொறுப்பது வேறு. பிறருக்கு நேர்ந்த அநியாயத்தைக் கண்டு வாய் மூடுவது வேறு. யாழ் ஆயர் ஜிம் பிறவுண் அடிகளார் எங்கே என்று அரசிடம் கேட்டார். அது முறுமுறுப்பு அல்ல, மேய்ப்பனின் கடமை. அதேபோல், சங்கப் பணத்தை ஒருவர் எடுத்திருக்க, மற்றவர் மௌனமாகப் பழி சுமந்து அதை மூடி மறைப்பதையும் தாழ்ச்சி என்று சொல்ல என்னால் முடியாது. அதனால் நட்டப்படுவது கைம்பெண்களும் சிறு கமக்காரரும்தான்.

மோசேயைப் பாருங்கள். பாலைவனத்தில் இடம்பெயர்ந்த ஒரு கூட்டத்தை நடத்தியவர். தண்ணீர் இல்லை என்றாலும் ஏச்சு, இறைச்சி இல்லை என்றாலும் ஏச்சு. ஒருநாள் தாங்க முடியாமல் அவரும் கடவுளிடம் முறையிட்டார். (முறையிடாத தலைவர் உண்டு என்று நான் நம்பவில்லை.) ஆயினும் மக்கள் பெரும்பாவம் செய்த வேளையில், இவர்களை மன்னியும், இல்லாவிடில் என் பெயரையும் அழித்துவிடும் என்று மன்றாடியவரும் அவரே.

தலைவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. பழி சொல்லும் எம்மைப் பற்றி யார் சொல்வது? அகதி வாழ்வில் கோபத்துக்கு உரியவர்கள் தொலைவில் இருக்கிறார்கள். கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவர் செயலாளர் மட்டுமே. அடுத்த கூட்டத்தில் கணக்குப் புத்தகத்தை எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கச் சொல்லுங்கள். பட்டியலில் பெயர் விடுபட்டிருந்தால், செயலாளரை ஏசுவதற்கு முன், அவரோடு கிராம அலுவலரிடம் நீங்களும் ஒருமுறை போய் வாருங்கள்.