நீங்கள் இருவர் மட்டுமா?



சென்ற பள்ளி விடுமுறையில் நானும் என் கணவரும் தெலுக் பஹாங்கில் உள்ள எஸ்கேப் கேளிக்கைப் பூங்காவிற்குச் சென்று வந்தோம். 2014-இல் இரண்டாம் பாலம் திறக்கப்பட்டது முதல் நிபோங் திபால்வாசிகளாகிய நமக்குத் தீவு அருகில் வந்துவிட்டது. பத்து காவானில் பாலம் ஏறி பத்து மாவுங்கில் இறங்கிவிடலாம். அதன்பின் தெலுக் பஹாங் வரையிலான வளைந்த சாலைதான் பொறுமையைச் சோதிக்கும்.

அந்தப் பூங்காவில் 1,111 மீட்டர் நீளமுள்ள ஒரு நீர்ச்சறுக்கு இருக்கிறது. உலகிலேயே மிக நீளமானது என்று 2019-இல் கின்னஸ் சாதனை பெற்றது. கம்பியில் தொங்கும் இருக்கையில் அமர்ந்து மலைமீது செல்ல வேண்டும். அங்கிருந்து ரப்பர் வளையத்தில் அமர்ந்தால், காட்டினூடே வளைந்து வளைந்து ஏறத்தாழ நான்கு நிமிடங்களில் கீழே குளத்தில் வந்து விழலாம். அப்படி நான் வந்து விழுந்தபோது, நனைந்த கோழியைப் போன்ற கோலத்தில் எழுந்து நின்றபோது, எதிரே என் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் வாய்பிளந்து நின்றுகொண்டிருந்தான்.

"டீச்சர்! நீங்கதான் அப்படிக் கத்துனீங்களா?"

ஆம், நான்தான்.

பள்ளி திறந்த முதல் நாளே செய்தி வகுப்பு முழுவதும் பரவிவிட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை. அவனுடைய தாயார் மறுநாள் பள்ளி வாயிலில் என்னைக் கண்டு, "பையன் சொன்னான் டீச்சர். நீங்க ரெண்டு பேரு மட்டுமா போனீங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "பிள்ளைங்க இல்லாம அங்க போய் என்ன டீச்சர் செய்வீங்க?" என்றார்.

அவர் நல்லவர், குத்திக்காட்டும் நோக்கம் துளியும் அவரிடம் இல்லை. அதனால்தான் அந்தக் கேள்வி என்னை விட்டு அகலவில்லை. மணி அடித்துவிட்டதால் அன்று விடையளிக்காமல் தப்பித்தேன். அன்று சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சிறு செய்தி. எந்தக் கேளிக்கைப் பூங்காவிலும் பெரிய விளையாட்டுகளின் வாயிலில் ஓர் அளவுகோல் நட்டு வைத்திருப்பார்கள். இத்தனை சென்டிமீட்டருக்குக் குறைந்தவர்கள் ஏற இயலாது. ஆசையோடு வந்த சிறுவன் அந்தக் கோட்டிற்குக் கீழே நின்று அழுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தப் பூங்காக்களின் மிகப் பெரிய இயந்திரங்கள் சிறு பிள்ளைகளுக்காகச் செய்யப்பட்டவையே அல்ல. அவற்றைப் பிள்ளைகளின் இடம் என்று நாம்தான் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

இந்த எண்ணம் மிகப் பழையதும் அன்று. என் தந்தையார் மணமாகாத இளைஞராய் இருந்த காலத்தில், சம்பள நாளுக்குப் பிறகு தோட்டத்து நண்பர்களுடன் பட்டர்வொர்த் சென்று ஃபெர்ரி ஏறி, ஜார்ஜ் டவுனின் நியூ வோர்ல்ட் பூங்காவிற்குப் போவாராம். ஆட்ட மேடை, சீன நாடகம், குறிபார்த்துச் சுடும் கடைகள், இரவு முழுதும் விளக்கு. அப்பா அதைச் சொல்லும்போது முகம் இன்றும் மலரும். இன்று சுவாத்தோ லேனில் அதே பெயரில் உணவு வளாகம் இருக்கிறது. சோறு சாப்பிடுவோருக்கு அதன் பழைய கதை தெரியாது. சிங்கப்பூரில் 1923-இல் ஓங் சகோதரர்கள் தொடங்கிய நியூ வோர்ல்ட், கோலாலம்பூரின் புக்கிட் பிந்தாங் பூங்கா, எல்லாமே பகலெல்லாம் உழைத்த பெரியவர்களின் இரவுக்காக எழுந்தவை. பிள்ளைகளும் வந்தார்கள், ஆனால் அவர்கள் விருந்தாளிகள்.

மேலை நாட்டிலும் இதே கதைதான். 1884-இல் நியூயார்க் நகரின் கோனி தீவுக் கடற்கரையில் லமார்கஸ் தாம்சன் என்பவர் ஏற்ற இறக்கமான தண்டவாளத்தில் ஓடும் வண்டியை அமைத்தார். கட்டணம் ஐந்து காசு. வேகம் மணிக்கு ஆறு மைல். நம் ஊர் சைக்கிளே அதைவிட விரைவாகப் போகும்! ஆயினும் அதில் ஏற வரிசை பிடித்து நின்றவர்கள் பெரும்பாலும் தொழிலாளர்களும் காதலர்களும்தான். பிறகு எப்போது இது குடும்பங்களின் இடம் ஆயிற்று? 1955-இல் திறந்த டிஸ்னிலாந்துக்கு அதில் பெரும்பங்கு உண்டு. தம் மகள்கள் குதிரை ராட்டினத்தில் சுற்ற, தாம் வெறுமனே பெஞ்சில் அமர்ந்திருந்தபோதுதான் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ ஓரிடம் வேண்டும் என்ற எண்ணம் தோன்றியது என்று வால்ட் டிஸ்னி கூறியிருக்கிறார். அவர் பெற்றோரைப் பெஞ்சிலிருந்து எழுப்ப நினைத்தார். நாமோ பிள்ளை இல்லாதவரைப் பெஞ்சுக்கும் உரிமையற்றவர் ஆக்கிவிட்டோம்.

2019-இல் அமெரிக்காவில் ஒரு தாயின் முகநூல் பதிவு பெரும் சண்டையைக் கிளப்பியது. டிஸ்னி வேர்ல்டில் தின்பண்டம் வாங்க நீண்ட வரிசை. தம் குழந்தை அழுகிறது. பிள்ளையில்லாத இளையோர் முன்னே நிற்கிறார்கள். அவர்களை உள்ளேயே விடக்கூடாது என்று அவர் கொதித்திருந்தார். வெயிலில் அழும் மூன்று வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்ற அந்தத் தாயின் எரிச்சல் எனக்குப் புரிகிறது. முப்பது மாணவர்களைக் கல்விச் சுற்றுலாவிற்கு அழைத்துச் சென்று தலை எண்ணியே களைத்தவள் நான். ஆனால் வரிசை நீளம் என்பதற்காக எதிரே நிற்பவரின் மகிழ்ச்சியைத் தவறு என்பது நியாயமாகுமா? லெகோ நிறுவனத்தின் பெயரில் இயங்கும் சில சிறிய உள்ளரங்கக் கூடங்களில், பிள்ளை உடன் வராத பெரியவரை அனுமதிப்பதில்லை. பெரியவர்களுக்கென்று தனி இரவுகள் வைத்திருக்கிறார்கள். அது குழந்தைகளின் பாதுகாப்பிற்காக. ஓர் ஆசிரியையாக அதை நான் ஏற்கிறேன்.

சரி, நம் முன்னோர் என்ன நினைத்தார்கள்? உவகை என்னும் மெய்ப்பாடு எவற்றால் பிறக்கும் என்று தொல்காப்பியர் நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறார். செல்வம், அறிவு, கூடல் ஆகியவற்றுக்கு அடுத்து நான்காவதாக அவர் வைத்தது விளையாட்டு. அதைச் சிறுவர்க்கு மட்டும் என்று அவர் ஒதுக்கவில்லை. பரிபாடலில் வையையில் புதுவெள்ளம் வந்ததும் மதுரையே திரண்டு ஓடுகிறது. நீரில் குதித்தவர்களும் ஒருவர்மீது ஒருவர் நீர் இறைத்தவர்களும் வளர்ந்த ஆண்களும் பெண்களும்தான். சிலப்பதிகாரத்தில் ஊஞ்சலாடுவதற்கென்றே ஊசல்வரி இருக்கிறது. அந்த மதுரைக்காரர்களிடம் போய், "பிள்ளை இல்லாமல் ஆற்றில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள்.

இனி என் அனுபவத்திற்கு வருகிறேன்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற காலத்தில் ஒருமுறை பேருந்து பிடித்து கெந்திங் மலைக்குச் சென்றோம். அப்போது அங்கே பழைய திறந்தவெளிப் பூங்கா இருந்தது (2013-இல் அதை மூடினார்கள், அவ்விடத்தில் 2022-இல் ஸ்கைவோர்ல்ட்ஸ் திறந்தது). கார்க்ஸ்க்ரூ என்னும் உருளைவண்டியில் தலைகீழாகச் சுற்றி இறங்கி, மீண்டும் போய் வரிசையில் நின்றோம். நாங்கள் அனைவரும் இருபது வயதைக் கடந்தவர்கள். எவருக்கும் பிள்ளை இல்லை. ஒருவரும் எங்களை எதுவும் கேட்கவில்லை. ஆகவே பிள்ளையில்லாப் பெரியவர் விளையாடுவது நம் சமூகத்திற்கு வியப்பன்று. திருமணமாகிச் சில ஆண்டுகள் கழிந்த பின்னரும் பிள்ளையில்லாதவர் சிரித்து விளையாடுவதுதான் வியப்பு. அவர்கள் வேறு முகத்தோடு இருக்க வேண்டும் என்று எங்கோ எழுதி வைத்திருக்கிறார்கள் போலும்.

மறைக்க விரும்பவில்லை. திருமணமாகி முதல் ஏழெட்டு ஆண்டுகள் அத்தகைய இடங்களுக்கு நாங்கள் போகவே இல்லை. தந்தையின் தோளில் அமர்ந்து போகும் குழந்தையைக் கண்டால் என் கணவர் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். அதை நான் பார்த்துவிட்டதை அவரும் அறிவார். பிறகு ஒரு டிசம்பரில் அவரே, "போய்த்தான் பார்ப்போமே" என்றார். போனோம். மாலையில் திரும்பும்போது இருவரின் தொண்டையும் கட்டியிருந்தது. இல்லாத பிள்ளைக்கு ஈடாக நாங்கள் அங்கே போகிறோம் என்று எண்ணுபவர்கள் உண்டு. அது பிழை. அந்த ஏக்கம் கோயிலிலும் வரும், உறவினர் வீட்டுத் தொட்டிலருகிலும் வரும். சறுக்கில் பாய்ந்து வரும்போது மட்டும் வராது. அப்போது வேறெதற்கும் மனத்தில் இடமில்லை.

அதற்கு உடலியல் காரணமும் உண்டு. பால் ரோசின் என்ற அமெரிக்க உளவியலறிஞர், மனிதர் ஏன் மிளகாயை விரும்பித் தின்கிறார்கள் என்று மெக்சிகோவில் ஆராய்ந்தார். நாக்கு எரிகிறது, கண்ணில் நீர் வழிகிறது. உடல் ஆபத்து என்று அலறுகிறது. ஆனால் ஆபத்து ஒன்றுமில்லை என்று மனம் அறியும். அந்த இடைவெளியில்தான் இன்பம் என்றார். உருளைவண்டியில் ஏறுவதையும் அதனோடு அவர் ஒப்பிட்டார். காரம் குறைந்தால் குழம்பே இல்லை என்னும் நம்மவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. தொல்காப்பியர் அச்சத்தையும் உவகையையும் தனித்தனி மெய்ப்பாடுகளாக வைத்தார். அந்த நான்கு நிமிடங்களில் இரண்டும் எனக்கு ஒன்றாகவே வந்தன.

என்னைக் கேட்டால் இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக நான் இந்தச் சிற்றூரில் ஆசிரியை. சந்தையில் மீன் வாங்கினாலும், கோயிலில் நின்றாலும், எண்ணெய் நிலையத்தில் காத்திருந்தாலும், "டீச்சர்" என்று ஒரு குரல் வரும். அன்போடு வரும் குரல்தான். ஆனாலும் முதுகு தானாக நிமிரும். குரல் தானாகத் தாழும். உரக்கச் சிரிக்கலாகாது, ஓடலாகாது, எதற்கும் அஞ்சலாகாது. பெரியவராயிருப்பது என்றால் நாள் முழுதும் ஒருவருக்கு விடை தெரிந்தவராக இருப்பது. மருத்துவமனைத் தாதிக்கும் வங்கி எழுத்தருக்கும் இதே நிலைதான். பெற்றோர்க்கோ இரவிலும் ஓய்வில்லை. உரக்கக் கத்துவதற்கு நம் வாழ்வில் வேறு எந்த இடம் இருக்கிறது? வீட்டில் கத்தினால் அண்டை வீட்டார் ஓடி வருவார்கள்!

அதே பூங்காவில் மரங்களுக்கிடையே உயரத்தில் கட்டிய கயிற்றுப் பாதை உண்டு. அதில் பாதியில் என் கால்கள் நின்றுவிட்டன. நகரவே இயலவில்லை. பாதுகாப்புக் கயிறு இடுப்பில் இருப்பது தெரிந்தும் இயலவில்லை. பின்னால் சிறுவர்கள் காத்திருந்தார்கள். அங்கே பணிபுரிந்த மலாய் இளைஞர், "பரவாயில்லை, அக்கா, மெதுவாக" என்று மலாயில் சொல்லிக் கைகொடுத்து இறக்கிவிட்டார். அவர் சிரிக்கவில்லை. வகுப்பின் முன்னே நின்று வாசிக்கச் சொன்னால் உறைந்துபோகும் ஒரு மாணவி எனக்கு இருக்கிறாள். அவளிடம் நான் எத்தனை முறை, "இதில் என்ன பயம்?" என்று கேட்டிருக்கிறேன் என்பது கீழே இறங்கிய பிறகு நினைவுக்கு வந்தது.

நுழைவுச்சீட்டு மலிவானதன்று என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு சம்பளம் வாங்கும் இருவர் போவது எளிது. மூன்று பிள்ளைகளோடு ஒரு சம்பளத்தில் வாழும் குடும்பம் ஓராண்டு சேமித்துத்தான் போக முடியும். அவர்கள் எங்களைக் கண்டு பெருமூச்சு விட்டால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அப்படிச் சேமித்துப் போன பெற்றோரை அங்கே கவனித்தீர்களா? கைப்பேசி, துண்டு, தண்ணீர்ப் புட்டி, மாற்றுடை அனைத்தையும் மடியில் வைத்துக்கொண்டு நிழலில் அமர்ந்திருப்பார்கள். பெரும்பாலும் தாய்மார்கள். சீட்டு எல்லார்க்கும் வாங்கியாயிற்று. விளையாடுவது பிள்ளைகள் மட்டும்.

சென்ற வாரம் அந்தத் தாயாரை மீண்டும் கண்டேன். இம்முறை நான் கேட்டேன், "அம்மா, அன்றைக்கு நீங்கள் அந்தப் பெரிய சறுக்கில் வந்தீர்களா?"

"ஐயோ, இல்ல டீச்சர். நான் பையப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்" என்றார். பிறகு சற்று நின்று, "ரொம்பப் பயமா இருக்குமா, டீச்சர்?" என்று கேட்டார்.

முதல் வளைவு வரைக்கும் பயமாகத்தான் இருக்கும் என்றேன்.