கினிப் பன்றிக்குத் தேவை கூண்டு அல்ல, தரை!

ராஜபாளையம் என்றால் நாய். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் பால்கோவா, ஆண்டாள் கோயில், அப்புறம் செண்பகத்தோப்புக் காட்டு அணில். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் இந்த இரண்டு ஊர்களுக்கும் விலங்குகளால் கிடைத்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் அஞ்சல் துறை தபால்தலையே வெளியிட்டது. சாம்பல் நிற மலை அணிலுக்காக 1988-ல் ஒரு சரணாலயமே அறிவிக்கப்பட்டது.

இப்படிப்பட்ட ஊர்க்காரர்களுக்கு விலங்கு வளர்ப்பைப் பற்றிச் சொல்லித் தர வேண்டுமா என்று கேட்கலாம். நாயைப் பற்றி என்றால் வேண்டாம். கினிப் பன்றியைப் பற்றி என்றால் கட்டாயம் வேண்டும்!

பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இது பன்றியும் இல்லை, கினி நாட்டிலிருந்து வந்ததும் இல்லை. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப் பகுதியைச் சேர்ந்த கொறிக்கும் பிராணி. தமிழ் அகராதியில் 'சீமைப் பெருச்சாளி' என்று இருக்கிறது. கடிக்காது, குரைக்காது, ஒரு கையில் அடங்கிவிடும். அதனாலேயே பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுக்க வசதியான பரிசாகிவிட்டது.

வாங்கும்போது நடப்பது என்ன? கடைக்காரர் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் போட்டுத் தருகிறார். வீட்டுக்கு வந்த பிறகுதான் 'எங்கே வைப்பது?' என்ற கேள்வியே வருகிறது. பரணில் கிடக்கும் பழைய லவ் பேர்ட்ஸ் கூண்டு இறங்கி வருகிறது. அது இல்லையென்றால் மீன் தொட்டி. அதுவும் இல்லையென்றால் முயல் பண்ணைகளில் இருக்கும் கம்பிவலைக் கூண்டு. பிரச்சினை இங்கேதான் ஆரம்பம்.

உயரம் வீண், நீளமே முக்கியம்

கிளிக்கு உயரம் வேண்டும், பறக்கும். அணிலுக்கு உயரம் வேண்டும், ஏறும். கினிப் பன்றி இரண்டும் செய்யாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் தரையில் ஓடுவது, ஒளிவது, மேய்வது. இரண்டடி உயரக் கூண்டில் ஒன்றரை அடி அதற்குப் பயன்படாத காற்று!

இரண்டு கினிப் பன்றிகளுக்குக் குறைந்தது ஏழரை சதுர அடி, முடிந்தால் பத்தரை சதுர அடி என்று அமெரிக்க விலங்கு நல அமைப்புகள் சொல்கின்றன. நாலடி நீளம், இரண்டடி அகலம் என்று வைத்துக்கொண்டால் குறைந்த அளவு கிடைத்துவிடும். சுற்றுச்சுவர் ஒன்றேகால் அடி இருந்தால் போதும்.

இதற்காக விலை உயர்ந்த வெளிநாட்டுக் கூண்டை வரவழைக்க வேண்டியதில்லை. ஒரு பிளைவுட் பலகை, மேலே தண்ணீர் இறங்காத ரெக்சின் விரிப்பு, சுற்றிலும் வெல்டுமெஷ், மேலே திறந்து மூட ஒரு கதவு. உள்ளூர் ஆசாரியிடம் அளவைச் சொன்னால் செய்து கொடுத்துவிடுவார். மேல்மூடியை மட்டும் விட்டுவிடக் கூடாது. ஓட்டு வீட்டில் பூனையும் பெருச்சாளியும் நுழைவது சாதாரணம். ராஜபாளையத்தில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அந்த ஊர் நாய் வேட்டை நாய். எவ்வளவு பழகிய நாயாக இருந்தாலும், ஓடும் சிறு பிராணியைக் கண்டால் அதன் ரத்தம் பேசும். இரண்டையும் ஒரே அறையில் விட்டு 'பாருங்கள், எவ்வளவு ஒற்றுமை' என்று போட்டோ எடுப்பது விஷப் பரீட்சை.

காலுக்குக் கீழே என்ன?

எச்சம் கீழே விழட்டும் என்று கம்பித் தரை வைப்பது மனிதனுடைய வசதிக்கு. கினிப் பன்றியின் உள்ளங்கால் முடியில்லாத மெல்லிய தோல். கம்பியிலேயே நின்றால் புண்ணாகும், சீழ் வைக்கும், பிறகு எழுந்து நடக்கவே முடியாது. எனவே தரை சமமாக, மெத்தென்று இருக்க வேண்டும்.

மில்கள் நிறைந்த ஊராயிற்றே, கழிவுப் பஞ்சை அள்ளிப் போட்டால் என்ன என்று தோன்றும். வேண்டாம். இழை காலில் சுற்றிக்கொள்ளும், தின்றால் குடலில் அடைக்கும். பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி மாதிரி இழைவிட்ட துணியும் ஆகாது, நகம் மாட்டும். மரப்பட்டறைத் தூள் மூச்சுக்குழலுக்குப் போகும். அடியில் நாலைந்து தாள் செய்தித்தாள், மேலே நெருக்கமாக நெய்த பழைய வேட்டியோ துண்டோ நாலாக மடித்து, நூல் தொங்காமல் விரித்தால் போதும். செலவே இல்லை.

ஒளிந்துகொள்ள ஒரு குடில் அவசியம். மற்ற விலங்குகளுக்கு இரையாக வாழ்ந்த இனம் அது. ஒளிய இடமில்லாவிட்டால் நாள் முழுக்கப் பயத்திலேயே இருக்கும். அகன்ற வாயுள்ள மண்பானையைப் படுக்க வைத்து, அடியிலும் ஒரு வழி திறந்து, விளிம்பைத் தேய்த்துவிட்டால் நல்ல குடில் ஆயிற்று. கோடையில் குளிர்ச்சியும் கூட. இரண்டு வழி எதற்கு? ஒன்று உள்ளே இருக்கும்போது இன்னொன்று வாசலை மறித்தால் தப்பி ஓடத்தான்.

கொன்றுவிடும் கோடை

விருதுநகர் மாவட்டத்து வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மலையடிவாரம் என்று பெயர்தானே தவிர, சித்திரை, வைகாசியில் ராஜபாளையத்து மொட்டைமாடி அறை அடுப்புதான். கினிப் பன்றிக்கு ஏற்ற வெப்பம் 18 முதல் 24 டிகிரி. 30-ஐத் தாண்டினால் ஆபத்து. மனிதனைப் போல வியர்த்து உடம்பைக் குளிர வைக்க அதற்குத் தெரியாது. 'காற்றோட்டமாக இருக்கட்டும்' என்று ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழோ, மதிய வெயில் அடிக்கும் ஜன்னல் ஓரத்திலோ வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனால், சாயங்காலம் பிள்ளை திரும்பி வரும்போது அது உயிரோடு இருக்காது.

தரைத் தளத்தில், நடு அறையில், வெயிலும் அடுப்புப் புகையும் படாத மூலையில் கூண்டு இருக்க வேண்டும். கடுங்கோடையில் பக்கவாட்டில் நனைத்த கோணியைத் தொங்கவிடலாம். உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி உள்ளே வைத்தால், வேண்டும்போது அதில் சாய்ந்துகொள்ளும்.

மூக்கு எந்த உயரத்தில் இருக்கிறது?

பலர் கூண்டை எப்போது கழுவுகிறார்கள்? நாற்றம் வந்தபிறகு! ஆனால் மனிதன் நிற்கும் ஐந்தடி உயரத்துக்கு நாற்றம் வருவதற்கு எவ்வளவோ முன்பே, தரையோடு தரையாக மூச்சு விடும் பிராணிக்கு அது வந்துவிடுகிறது. சிறுநீரிலிருந்து கிளம்பும் அம்மோனியா அதன் நுரையீரலைக் கெடுக்கும். எனவே தினமும் ஈரத்தையும் எச்சத்தையும் எடுக்க வேண்டும். வாரம் ஒருமுறை துணி மாற்றி, பலகையைக் கழுவி வெயிலில் காயவைக்க வேண்டும். வெள்ளையாகப் படியும் சிறுநீர்க் கறைக்கு வினிகர் போதும். ஃபினாயில் நெடி கூடாது.

புல்லை ஒரு மூலையில் குவித்துவிட்டால் அங்கேயே தின்று அங்கேயே எச்சமிடும், சுத்தம் செய்வதும் சுலபம். பால்கோவா ஊரில் மாடு வைத்திருப்பவர்களுக்கா பஞ்சம்? அவர்கள் வளர்க்கும் கம்பு நேப்பியர் புல், வரப்பு அருகம்புல் எல்லாம் மருந்து தெளிக்காததாக இருந்தால் தரலாம். முன்பல்லும் கடைவாய்ப்பல்லும் வாழ்நாள் முழுக்க வளர்வதால், தேய்வதற்குப் புல் எப்போதும் இருந்தே ஆக வேண்டும். மனிதனைப் போலவே வைட்டமின் சி-யைத் தானே தயாரிக்கத் தெரியாத பிராணி என்பதால் தினமும் கொஞ்சம் குடைமிளகாயோ கொத்தமல்லியோ கொய்யாவோ வேண்டும்.

ஒற்றையாக வைப்பதும் தவறு. சுவிட்சர்லாந்தில் 2008-லேயே கினிப் பன்றியைத் தனியாக வளர்க்கக் கூடாது என்று விதி வந்துவிட்டது. அதற்காக ஆணும் பெண்ணுமாக வாங்கினால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை குட்டி போடும். ஒரே பால் ஜோடியே நல்லது.

'ஒரு எலிக்கு இவ்வளவா?'

இந்தக் கேள்வி நிச்சயம் வரும். வாடகை வீட்டில் மனிதனுக்கே இடமில்லை என்பார்கள். நியாயமான வாதம்தான். ஆனால் அதன் சொந்த ஊரைப் பார்க்க வேண்டும். பெரு நாட்டு மலைக் கிராமங்களில் கினிப் பன்றியைச் செல்லத்துக்காக வளர்ப்பதில்லை, சாப்பிடுவதற்காக வளர்க்கிறார்கள். அங்கே காலங்காலமாக அது சமையலறைத் தரையில் கூட்டமாக, தன் இஷ்டத்துக்கு ஓடித் திரிகிறது. கறிக்காக வளர்ப்பவன் ஒரு சமையலறையைக் கொடுக்கிறான். அன்புக்காக வளர்ப்பதாகச் சொல்பவர் ஒரு கிளிக்கூண்டைக் கொடுக்கிறார். யாருடையது அன்பு?

இடமும் உண்மையில் இல்லாமல் இல்லை. ஒரு கட்டிலுக்கு அடியில் ஆறடிக்கு மூன்றடி, பதினெட்டுச் சதுர அடி சும்மா கிடக்கிறது. பழைய பெட்டிகளை எடுத்துவிட்டு வெளிச்சமும் காற்றும் வரும்படி முன்பக்கம் வலை அடித்தால் தாராளமான வீடு. அதுகூட முடியாது என்றால் வாங்காமல் இருப்பதே மேல். அசைய இடமில்லாத கூண்டில் பிராணியை அடைப்பது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதும் பலருக்குத் தெரியாது. வளர்க்க முடியவில்லை என்று செண்பகத்தோப்புப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடுவதும் கருணை அல்ல. வீட்டில் பிறந்து வளர்ந்தது காட்டில் ஓரிரு நாள்கூடத் தாங்காது.

அதே காட்டில் இருக்கும் மலை அணில், கிளைகள் ஒன்றோடொன்று தொடும் மரமாகப் பார்த்துக் கூடு கட்டுகிறது, ஆபத்து வந்தால் அடுத்த மரத்துக்குத் தாவலாம் என்று. தன் வீட்டைத் தானே தேர்ந்தெடுக்கிறது. ஆண்டாள் கையில் இருக்கும் கிளியைக்கூட யாரும் கூண்டில் அடைப்பதில்லை, இலைகளால் தினமும் புதிதாகச் செய்கிறார்கள். கினிப் பன்றிக்குத்தான் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே இல்லை. நோய் வந்தாலும் வெளியே காட்டாது, அடைத்து வைத்த இடத்தில் சத்தமில்லாமல் செத்துப் போகும்.

எனவே பிறந்தநாளுக்கு ஒரு வாரம் முன்பே அளவு நாடாவை எடுத்து வீட்டுத் தரையை அளக்கட்டும் பெற்றோர்கள். நாலடிக்கு இரண்டடி கிடைத்தால், அதன்பிறகு கடைக்குப் போகலாம். கிடைக்காவிட்டால் பிள்ளைக்கு ஒரு சைக்கிள் வாங்கித் தரலாம். சைக்கிளுக்குச் சித்திரை வெயில் ஒன்றும் செய்யாது!