உலகம் சுருங்கிவிட்டதா?

“விஞ்ஞானத்தால் உலகம் சுருங்கிவிட்டது” என்று மேடைதோறும் முழங்குகிறோம். பேச்சுப் போட்டிகளில் இவ்வாசகம் ஒலிக்காத நாளில்லை. இக்கூற்று எந்த அளவுக்கு உண்மை என்பதைச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

இலண்டனுக்கும் சிட்னிக்கும் இடையேயுள்ள வான்வழித் தொலைவு ஏறத்தாழ 17,000 கிலோமீட்டர். 1919 நவம்பர் 12ஆம் நாள் இங்கிலாந்திலிருந்து கிளம்பிய ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் சகோதரர்கள் ஆஸ்திரேலியாவின் வடகோடியிலுள்ள டார்வினைத் தொட்டது டிசம்பர் 10ஆம் நாள்! 1947இல் குவாண்டஸ் விமானம் சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ என இறங்கி இறங்கிச் சிட்னியிலிருந்து இலண்டன் சேர நான்கு நாட்கள் பிடித்தன. 1989இல் கட்டணப் பயணிகள் இன்றிப் பறந்த போயிங் 747 ஒன்று, எங்கும் இறங்காமல் இலண்டனிலிருந்து சிட்னிக்கு 20 மணி 9 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது.

இருபத்தெட்டு நாள் எங்கே? இருபது மணி எங்கே? மனித முயற்சியின் வெற்றி இது என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1958இல் பயணிகளை ஏற்றத் தொடங்கிய போயிங் 707 மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தது. இன்றைய விமானங்களின் வேகமும் ஏறக்குறைய அதுவே. ஒலியை விஞ்சிய கான்கார்டு 1976 முதல் 2003 வரை பயணிகளைச் சுமந்து ஓய்ந்துவிட்டது. ஆக, ஜெட் யுகத்தில் நமக்கு மிஞ்சிய நேரம், பெரும்பாலும் இடையே இறங்காததால் மிஞ்சியதேயன்றி வேகத்தால் அன்று.

அந்த நேரமும் நிலையானதா? மேற்கிலிருந்து கிழக்காக வீசும் உயர்வான் காற்று துணைநின்றால் பயணம் குறையும், எதிர்த்தால் நீளும். காற்றினும் வலியது அரசியல். 2022இல் உக்ரைன் போர் மூண்டு ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்டதும், ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்குச் சுமார் ஒன்பதரை மணியில் சென்ற விமானம் பதின்மூன்று மணி நேரம் சுற்றிச் செல்ல நேர்ந்தது. நகரங்கள் நகரவில்லை, மனிதரின் பகைமையே தொலைவை நீட்டியது!

இதனினும் பெரிய உண்மை நம் ஊர்களிலேயே உண்டு. சென்னையிலிருந்து துபாய் நான்கு மணி நேரப் பயணந்தான். சென்னையிலிருந்து மதுரைக்கு இரயிலில் செல்வோர் அதைவிட அதிக நேரம் பயணம் செய்கின்றனர். ஆனால் வளைகுடாவில் உழைக்கும் எத்தனையோ தொழிலாளர் ஈராண்டுக்கு ஒருமுறையே பெற்ற பிள்ளையின் முகத்தைக் காண்கின்றனர். அவர்களுக்குத் தொலைவை அளப்பது கடிகாரமா? அன்று; விடுமுறைச் சீட்டும், விமானக் கட்டணமும், அடைபடாத கடனுமே.

எனவே, “எத்தனை மணி நேரம்?” என்ற வினா மட்டும் போதாது. “யாருக்கு? என்ன விலையில்?” என்ற வினாக்களையும் சேர்த்தே கேட்க வேண்டும். அறிவியல் வானத்தில் வழி அமைத்துத் தந்துவிட்டது. அவ்வழியில் ஏழையும் ஏறிச் செல்லும் நிலையை உண்டாக்குவது சமுதாயத்தின் கடமை. அதுவரை உலகம் சுருங்கிவிட்டது எனப் பெருமை கொள்வது அரை உண்மையே. நாளை பொறியியலிலும் பொருளியலிலும் ஆட்சித் துறையிலும் பணியாற்றப் போகும் மாணவ நண்பர்கள் மறு பாதியையும் மெய்யாக்க முன்வர வேண்டும்.